விசாவில் அடுத்த ஆண்டு வரை தேதி இருக்கிறது, ஐ-94 மார்ச்சிலேயே முடிந்துவிட்டது: அமெரிக்காவுக்குத் திரும்பி வரத் தடை விழுமா?

கேள்வி: ஈரோட்டுப் பெண், டெக்சாஸ் (ஜூலை 12)

அனைவருக்கும் வணக்கம். நானும் கணவரும் எட்டு வயது மகளும் ஐந்து ஆண்டுகளாக டெக்சாஸில் வசிக்கிறோம். அவர் எச்-1பி விசாவில் மென்பொருள் வேலையில் இருக்கிறார். நானும் மகளும் அவரைச் சார்ந்தவர்களாக எச்-4 விசாவில் இருக்கிறோம். நான் வேலைக்குப் போகவில்லை.

நேற்று என் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கப் போயிருந்தேன். கவுண்ட்டரில் இருந்த பெண்மணி கணினித் திரையை வெகுநேரம் பார்த்துவிட்டு, இந்த நாட்டில் தங்க எனக்கு இருந்த அனுமதி மார்ச் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதாகக் காட்டுகிறது என்றார். தவறாகப் பார்க்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். கடவுச்சீட்டில் ஒட்டியிருக்கும் விசாவில் அடுத்த ஆண்டு செப்டம்பர் வரை தேதி இருக்கிறது. கணவரின் எச்-1பி மனுவோடு சேர்த்து என் எச்-4 நீட்டிப்பை ஏற்று வந்த அறிவிப்பிலும் அதே செப்டம்பர்தான் அச்சாகியிருக்கிறது. வீட்டுக்கு வந்து, தங்க அனுமதித்த கடைசி நாளைக் காட்டும் ஐ-94 பதிவை இணையதளத்தில் பார்த்தபோது அவர் சொன்னதுதான் சரி என்று தெரிந்தது. என்னுடையது மார்ச் 14. மகளுடையது மே 2.

தங்கையின் திருமணத்துக்காகக் கார்த்திகையில் ஊருக்குப் போய், டிசம்பர் 14-ஆம் தேதி டாலஸ் விமான நிலையத்தில் வந்து இறங்கினோம். அப்போது என் பழைய கடவுச்சீட்டு மார்ச் 14 வரைதான் செல்லுபடியாகும் நிலையில் இருந்தது, மகளுடையது மே 2 வரை. அந்த இரண்டு தேதிகளையே எங்கள் ஐ-94-இல் போட்டுவிட்டார்கள் என்பது இப்போதுதான் புரிகிறது. இருவர் கடவுச்சீட்டையும் ஜனவரியிலேயே ஹூஸ்டன் துணைத் தூதரகம் மூலம் புதுப்பித்துவிட்டோம். அதோடு வேலை முடிந்தது என்று நிம்மதியாக இருந்துவிட்டோம். கணவரின் கடவுச்சீட்டுக்கு இன்னும் பல ஆண்டுகள் இருப்பதால் அவருடைய ஐ-94 சரியாக அடுத்த செப்டம்பர் வரை இருக்கிறது.

நேற்று இரவு, ஊரிலிருந்து கொண்டு வந்த தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களும் கிழிக்காத தாள்களுமாக எண்ணிப் பார்த்தேன். மார்ச் 15 முதல் இன்று வரை 120 நாள்கள் ஆகின்றன. 180 நாள்கள் தாண்டினால் மூன்று ஆண்டுகள் இந்த நாட்டுக்குள் வர முடியாது என்று எங்கோ படித்ததிலிருந்து தூக்கம் இல்லை. ஈரோட்டிலிருந்து அப்பா தொலைபேசியில், ஏதாவது அபராதம் இருந்தால் கட்டிவிட்டு வேலையைப் பாரம்மா என்கிறார். அபராதம் கட்டி இதைச் சரிசெய்ய முடியுமா? நாங்கள் வெளியே போனால் திரும்பி வர விடுவார்களா? மகளுக்கும் இந்தத் தடை பொருந்துமா? ஆகஸ்டில் அவளுக்குப் பள்ளி திறக்கிறது.

பதில்: பிளேனோவாசி (ஜூலை 12)

சகோதரிக்கு வணக்கம். இதே நிலையில் மூன்று ஆண்டுகளுக்கு முன் என் மனைவி இருந்தார். அவருக்கு 63 நாள்கள் கடந்திருந்தன. ஆகவே உங்கள் வீட்டில் நேற்றைய இரவு எப்படிக் கழிந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: 180-க்கு முன் கண்டுபிடித்துவிட்டீர்கள். இனி செய்ய வேண்டியவை எல்லாம் இதற்குள் அடங்கும்.

இந்தக் குழப்பத்தின் வேர் விசாவுக்கும் ஐ-94-க்கும் உள்ள வேறுபாட்டில் இருக்கிறது. விசா என்பது விமான நிலையக் கதவு வரை வந்து உள்ளே விடுங்கள் என்று கேட்பதற்கான அனுமதி. எத்தனை நாள் தங்கலாம் என்பதை அது சொல்வதில்லை. அதைத் தீர்மானிப்பது எல்லை அதிகாரி பதிவு செய்யும் ஐ-94 தான். நம் பெற்றோர் பத்து ஆண்டு பி-2 சுற்றுலா விசாவில் வந்தாலும் ஆறு மாதத்தில் திரும்ப வேண்டியிருப்பதும் இதனால்தான். முன்பெல்லாம் ஐ-94 ஒரு வெள்ளைச் சீட்டாகக் கடவுச்சீட்டில் செருகப்பட்டிருக்கும், எடுக்கும்போதெல்லாம் கண்ணில் படும். 2013 முதல் விமானத்தில் வருபவர்களுக்கு அது மின்னணுப் பதிவாகிவிட்டதால், நாமாகப் போய்த் தேடினால்தான் தேதி தெரியும்.

எங்கள் விஷயத்தில், நிறுவனம் அமர்த்திய வழக்கறிஞர் அலுவலகம் என் மனுவின் தேதியை மட்டுமே கவனித்து நினைவூட்டல் அனுப்பிக்கொண்டிருந்தது. மனைவியின் ஐ-94 யாருடைய பட்டியலிலும் இல்லை. கடைசியில் அவர் சென்னைக்குப் போய்ப் புதிய விசா பெற்றுத் திரும்பினார். நேர்காணலில் 63 நாள்களைப் பற்றித்தான் முதல் கேள்வி. நடந்ததை அப்படியே சொல்லி, கடவுச்சீட்டு புதுப்பித்த தேதியைக் காட்டினார், விசா கிடைத்தது. குழந்தைகளின் இந்தியக் கடவுச்சீட்டு ஐந்து ஆண்டுகளுக்கே வழங்கப்படுவதால் இந்தச் சிக்கலில் அதிகமாக மாட்டுவது அவர்கள்தான். ஊருக்குப் போகும் முன்பே குழந்தையின் கடவுச்சீட்டைப் புதுப்பித்து, பழையதையும் புதியதையும் சேர்த்து நீட்டினால் அதிகாரி மனு முடியும் நாள் வரை தேதி கொடுப்பார்.

பதில்: ஆஸ்டின் நண்பர் (ஜூலை 12)

இவ்வளவு கவலை தேவையில்லை என்று நினைக்கிறேன். உங்கள் விசாவில் தேதி இருக்கிறது, புதிய கடவுச்சீட்டும் இருக்கிறது. ஒரு வார இறுதியில் கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ போய்த் திரும்பினால் எல்லையில் புதிய ஐ-94 கொடுத்துவிடுவார்கள். என் அலுவலகத்தில் ஒருவர் அப்படித்தான் செய்தார்.

பதில்: சட்ட அலுவலக உதவியாளர், நியூஜெர்சி (ஜூலை 13)

குடிவரவு வழக்குகளைக் கவனிக்கும் ஒரு சட்ட அலுவலகத்தில் பதினோரு ஆண்டுகளாக மனுக்களைத் தயாரிக்கும் வேலை செய்கிறேன். நான் வழக்கறிஞர் அல்லள்; கீழே எழுதுவதைக் கையில் வைத்துக்கொண்டு இந்த வாரத்துக்குள் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள்.

முதலில் மேலே நண்பர் சொன்ன எல்லைப் பயணத்தைப் பற்றி. அவருடைய அலுவலக நண்பர் ஐ-94 முடிவதற்கு முன் போய்வந்திருந்தால் அது சரியான வழியே. ஆனால் அனுமதிக்கப்பட்ட நாளைத் தாண்டி ஒரே ஒரு நாள் தங்கினாலும், அந்த வருகைக்குப் பயன்படுத்திய விசா தானாகவே செல்லாமல் போகிறது என்று குடிவரவு, குடியுரிமைச் சட்டத்தின் 222(ஜி) பிரிவு சொல்கிறது. கடவுச்சீட்டில் அது பளபளவென்று ஒட்டியிருக்கும், அடுத்த ஆண்டுத் தேதியும் இருக்கும், யாரும் அதன்மேல் ரத்து முத்திரை குத்தியிருக்க மாட்டார்கள். ஆனாலும் சட்டப்படி அது செல்லாது. அடுத்த விசாவைச் சொந்த நாட்டில்தான் கேட்க வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. கனடா, மெக்சிகோவுக்கு முப்பது நாள்களுக்குள் போய்வருவோருக்கு உள்ள சலுகையும் முடிவடையாத ஐ-94 கையில் இருப்பவர்களுக்கே உரியது. ஆகவே சகோதரி இப்போது டொராண்டோவுக்குப் போனால், திரும்பும் வழியில் எல்லையிலேயே நிறுத்தப்பட்டு, அங்கிருந்தபடியே இந்தியாவுக்கு விமானம் ஏற நேரிடும்.

அடுத்து, உங்களிடம் இருக்கும் இரண்டு ஐ-94-களைப் பற்றி. மனு ஏற்பு அறிவிப்பின் அடிப்பகுதியில் செப்டம்பர் தேதியோடு ஒன்று, டிசம்பரில் விமான நிலையத்தில் பதிவானது ஒன்று. இவற்றில் எது காலத்தால் பிந்தியதோ அதுதான் செல்லும். ஏற்பு அறிவிப்பு வந்த பிறகு நீங்கள் வெளிநாடு போய்த் திரும்பியதால், டிசம்பர் 14 அன்று அதிகாரி கொடுத்த தேதியே உங்கள் தேதி. கடவுச்சீட்டு முடியும் நாளோடு நிறுத்தியது அதிகாரியின் பிழையாகாது; எனவே விமான நிலையத்தில் உள்ள திருத்த அலுவலகத்துக்குப் போனால் மாற்றித் தருவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. புதிய கடவுச்சீட்டை அன்றே காட்டியும் பழைய தேதியைப் போட்டிருந்தால் அது வேறு கதை.

இனி தடையைப் பற்றி. 1996-இல் கொண்டுவந்த சட்டத்திருத்தம் 1997 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி ஒரே வருகையில் 180 நாள்களுக்கு மேல், ஆனால் ஓராண்டுக்குக் குறைவாக, அனுமதியின்றித் தங்கிவிட்டுத் தாமாக வெளியேறுபவர் வெளியேறிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் திரும்ப முடியாது; ஓராண்டோ அதற்கு மேலோ தங்கியவருக்குப் பத்து ஆண்டுகள். இந்தத் தடை உள்ளே இருக்கும்போது விழுவதில்லை, விமானம் ஏறி வெளியேறும் கணத்தில் விழுகிறது. ஆகவே உங்களுக்கு முக்கியமான நாள் எது என்று கணக்கிட்டுச் சொல்கிறேன். மார்ச்சில் 17 நாள்கள், ஏப்ரலில் 30, மே மாதத்தில் 31, ஜூனில் 30, ஜூலையில் 31, ஆகஸ்டில் 31 என்று கூட்டினால் ஆகஸ்ட் 31-ஆம் தேதி 170 ஆகிறது. 180-ஆவது நாள் செப்டம்பர் 10. அதுவரை காத்திருக்காதீர்கள். விமானம் ரத்தாவதும் பயணத்தன்று காய்ச்சல் வருவதும் உண்டு. ஆகஸ்ட் மாதமே உங்கள் கடைசி எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மகளைப் பொறுத்தவரை, 18 வயது நிறைவதற்கு முன் கழியும் நாள்கள் இந்தக் கணக்கில் சேராது என்று சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. மூன்றாண்டு, பத்தாண்டுத் தடைகள் அவளைத் தொடா. ஆனால் அந்த விலக்கு நாள்கணக்குக்கு மட்டுமே. அவளுடைய எச்-4 நிலையும் முடிந்துவிட்டது, புதிய விசா அவளுக்கும் தேவை.

வழிகள் இரண்டு. ஒன்று, உள்ளே இருந்துகொண்டே ஐ-539 படிவத்தில் தாமதமாக நீட்டிப்பு கேட்பது. வழக்கறிஞர்கள் இதை 'நங்க் ப்ரோ டங்க்' மனு என்பார்கள், பின்தேதியிட்டு ஏற்கும்படி கேட்கும் மனு என்று பொருள். நம் கையை மீறிய அசாதாரணச் சூழ்நிலையால் தாமதம் நேர்ந்தது, அந்தச் சூழ்நிலைக்குத் தக்க அளவே தாமதமும் இருக்கிறது, வேறு எந்த விதிமீறலும் இல்லை, வெளியேற்ற நடவடிக்கை எதுவும் நிலுவையில் இல்லை என்பவற்றைக் குடிவரவு மனுக்களை முடிவு செய்யும் யுஎஸ்சிஐஎஸ் துறை ஏற்க வேண்டும். ஏற்றால் மார்ச் 15 முதல் இருந்த இடைவெளியே இல்லாமல் போகும். ஆனால் ஐ-94-ஐப் பார்க்கத் தவறினோம் என்பதை அசாதாரணச் சூழ்நிலையாக எல்லா அதிகாரிகளும் ஏற்பதில்லை. அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. ஐ-94 முடியும் முன் கொடுத்த மனு நிலுவையில் இருக்கும்போது நாள்கணக்கு நின்றிருக்கும். முடிந்த பின் கொடுத்த மனுவுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. நாள்கள் ஓடிக்கொண்டே இருக்கும். மனுவைப் போட்டுவிட்டோம் என்ற நிம்மதியில் அக்டோபர் வரை இருந்து, அப்போது நிராகரிப்பு வந்தால் 200 நாள்களுக்கு மேல் ஆகியிருக்கும். இப்படிச் சிக்கிய குடும்பங்களின் கோப்புகளை நான் கையாண்டிருக்கிறேன், அந்த அழைப்புகளை எடுப்பது எளிதாக இருந்ததில்லை.

மற்றொன்று, பிளேனோவாசியின் மனைவி செய்ததைப் போல 180 நாள்களுக்குள் வெளியேறி, சென்னையில் புதிய எச்-4 விசா பெற்றுத் திரும்புவது. இதில் விசா அதிகாரியின் முடிவுக்குக் கட்டுப்பட வேண்டும், நேர்காணல் நாள் கிடைக்கும் வரை ஊரில் இருக்க வேண்டும். ஆனால் தடை விழாது, புதிய ஐ-94-ஓடு கணக்கு தெளிவாகத் தொடங்கும். உங்கள் இடத்தில் என் தங்கை இருந்தால் இதைத்தான் செய்யச் சொல்வேன்.

இறுதியாக ஒன்று, இதைத் தயவுசெய்து மனத்தில் வையுங்கள். விசாவுக்கான டிஎஸ்-160 படிவத்தில், எப்போதாவது அனுமதியை மீறித் தங்கியதுண்டா என்ற பொருளில் ஒரு கேள்வி வரும். ஆம் என்று எழுதி, நடந்ததை நான்கு வரியில் விளக்குங்கள். சட்டத்தில் 120 நாள்களுக்குத் தடை இல்லை. அதை மறைத்து இல்லை என்று எழுதினால் பொய்த் தகவல் தந்ததற்கான தடை வரும், அதற்கு ஆண்டு வரம்பு கிடையாது.

பதில்: சிராங்கூன் வாசகர், சிங்கப்பூர் (ஜூலை 13)

சகோதரியின் தந்தை அபராதத்தைக் கேட்டது இயல்புதான், ஏனெனில் ஆசிய நாடுகள் பலவற்றில் அதுதான் நடைமுறை. தாய்லாந்தில் நாளொன்றுக்கு 500 பாட், அதிகபட்சம் 20,000 பாட் என்று விமான நிலையத்திலேயே வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். ஆனால் அங்கும் 2016 மார்ச் 20 முதல் அபராதத்தோடு தடையும் சேர்ந்துவிட்டது: 90 நாள்களுக்கு மேல் தங்கித் தாமாக வெளியேறினால் ஓராண்டு, ஓராண்டுக்கு மேல் தங்கியிருந்தால் மூன்று ஆண்டுகள், மூன்றுக்கு மேல் என்றால் ஐந்து, ஐந்துக்கு மேல் என்றால் பத்து. தாமாகப் போகாமல் காவலர் கையில் பிடிபட்டால், ஓராண்டுக்குக் குறைவாகத் தங்கியவருக்கே ஐந்து ஆண்டுத் தடை. பாங்காக் போகும் நம் இளைஞர்கள் 500 பாட் கணக்கை மட்டும் தெரிந்துகொண்டு போகிறார்கள்.

நான் வசிக்கும் சிங்கப்பூரில் 90 நாள்களுக்கு மேல் தங்கினால் ஆறு மாதம் வரை சிறையும் குறைந்தது மூன்று பிரம்படியும் சட்டத்தில் இருக்கின்றன. பெண்களுக்கும் ஐம்பது வயதைக் கடந்த ஆண்களுக்கும் பிரம்படிக்குப் பதிலாக அபராதம். ஏஜெண்டின் பேச்சை நம்பிச் சுற்றுலா அனுமதியில் வந்து தங்கிவிடும் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லி அனுப்புவதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

அமெரிக்காவில் அனுமதியைத் தாண்டித் தங்கியவரிடம் விமான நிலையத்தில் நாள் கணக்கிட்டு வாங்கும் அபராதம் கிடையாது. வெளியேறும்போது குடிவரவுக் கவுண்ட்டர் என்றே ஒன்று இல்லை. கேட்பதற்கு ஆளில்லாததால் யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். விமான நிறுவனம் அனுப்பும் பயணிகள் பட்டியலிலிருந்து வெளியேறிய நாள் பதிவாகிவிடுகிறது.

பதில்: மதுரை மகன், கலிபோர்னியா (ஜூலை 14)

இதை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள்களாக யோசித்தேன். மேலே சகோதரி ஒருவர், வெளியேறும் கணத்தில் தடை விழுகிறது என்று எழுதியிருந்ததைப் படித்த பின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் தாயார் பத்து ஆண்டு பி-2 விசாவில் எங்களோடு தங்க வந்தார். ஆறு மாத அனுமதி. ஐந்தாவது மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை, அதன் பிறகு நடைப்பயிற்சி, பிறகு நோய்த்தொற்றால் மீண்டும் மருத்துவமனை. அந்த நாள்களில் அவருடைய ஐ-94 என் நினைவிலேயே இல்லை. நினைவுக்கு வந்தபோதும், மருத்துவக் காரணம் இருக்கிறதே, யார் குறை சொல்லப்போகிறார்கள் என்று இருந்துவிட்டேன். அனுமதி முடிவதற்கு ஒரு நாள் முன்னதாக ஐ-539 படிவம் மருத்துவச் சான்றோடு அவர்களிடம் போய்ச் சேர்ந்திருந்தால் போதும், நாள்கணக்கு நின்றிருக்கும். சட்டத்தை மதித்து அனுப்பிவிட வேண்டும் என்று, அவர் ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கியதும் விமானம் ஏற்றினேன். அன்று 203 நாள்கள் ஆகியிருந்தன. மூன்று வாரம் முன்பே அனுப்பியிருந்தால் 182; அதுவும் தாண்டியதுதான். ஒரு மாதம் முன்பாக அனுப்பியிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. நான் அமெரிக்கக் குடிமகன். முறைப்படி விசாவில் வந்திறங்கிய குடிமகனின் பெற்றோர், அனுமதி முடிந்திருந்தாலும், உள்ளே இருந்தபடியே நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கச் சட்டம் இடம் தருகிறது. அவர் வெளியேறியதும் அந்தக் கதவு மூடிக்கொண்டு, மூன்றாண்டுத் தடை வந்து நின்றது. நிரந்தரமாகக் குடியேறுவதற்குத் தடைவிலக்கு கேட்கலாம் என்றார்கள். ஆனால் அதற்கு, குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ உள்ள கணவருக்கோ பெற்றோருக்கோ கடுமையான இன்னல் நேரும் என்று காட்ட வேண்டும். பிள்ளைகளின் இன்னல் அந்தக் கணக்கில் இல்லை. என் தந்தை காலமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அம்மாவுக்காக மனுப் போடும் உரிமை மகனுக்கு உண்டு, அம்மா இல்லாமல் மகன் படும் பாட்டைச் சொல்ல இடமில்லை என்பதை அந்த வழக்கறிஞர் விளக்கியபோது, மூன்று முறை திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

தற்காலிக வருகைக்கு 212(டி)(3) என்னும் தனி விலக்கு இருக்கிறது. நேர்காணலில் தூதரக அதிகாரி பரிந்துரைத்தால்தான் அது அடுத்த கட்டத்துக்குப் போகும். எங்களுக்குப் பரிந்துரை கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. முதல் குளியலை அம்மா மதுரையிலிருந்து கைப்பேசித் திரையில் பார்த்து, தண்ணீர் சூடு அதிகமாக இருக்கிறது, விளாவுங்கள் என்று அங்கிருந்தே சொன்னார்.

சகோதரி, உங்களுக்கு இன்னும் நாள்கள் இருக்கின்றன. பள்ளி திறப்பதையும் டிக்கெட் விலையையும் பார்க்காதீர்கள்.

பதில்: ஈரோட்டுப் பெண், டெக்சாஸ் (ஜூலை 19)

பதில் எழுதிய ஒவ்வொருவருக்கும் நன்றி. மதுரை ஐயாவின் பதிவைக் கணவருக்குப் படித்துக் காட்டினேன். அதுவரை மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அன்று இரவே விமானச்சீட்டு பார்க்கத் தொடங்கிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை வழக்கறிஞரைப் பார்த்தோம். நாள்கணக்கைத் தனியாகப் போட்டுப் பார்த்து அவரும் செப்டம்பர் 10 என்றே சொன்னார். பின்தேதியிட்ட மனுவை எங்கள் சூழ்நிலையில் அவர் பரிந்துரைக்கவில்லை. கடவுச்சீட்டைக் காலத்தோடு புதுப்பித்தோம் என்பது எங்கள் நல்லெண்ணத்தைக் காட்டுமே தவிர, தாமதத்துக்குக் காரணமாகாது என்றார். நானும் மகளும் ஆகஸ்ட் 3-ஆம் தேதி புறப்படுகிறோம், கணவர் வேலையில் இருப்பார். அன்று என் கணக்கு 142 நாள்கள். பள்ளியில் நிலைமையைச் சொன்னோம். மகளின் இடத்தைப் பிடித்துவைக்க முடியாது, ஆனால் திரும்பி வந்ததும் சேர்த்துக்கொள்வோம் என்றார்கள். அவள் தன் வகுப்புத் தோழிக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

இன்னும் இரண்டு சந்தேகங்கள். சென்னை நேர்காணலுக்கு என்னென்ன ஆவணங்கள் எடுத்துப் போக வேண்டும்? நான் வெளியேறியதை நிரூபிக்க ஏதாவது வைத்திருக்க வேண்டுமா?

பதில்: சட்ட அலுவலக உதவியாளர், நியூஜெர்சி (ஜூலை 19)

நல்ல முடிவு எடுத்திருக்கிறீர்கள். வெளியேறியதற்கு வேறு யாரும் சான்று தரமாட்டார்கள் என்று எண்ணி நீங்களே சேர்த்துவையுங்கள்: இருவரின் விமான ஏற்றுச் சீட்டுகள், சென்னையில் இறங்கியதும் குத்தும் இந்தியக் குடிவரவு முத்திரையின் நகல், ஒரு வாரம் கழித்து ஐ-94 இணையதளத்தில் பயண வரலாற்றுப் பக்கத்தை எடுத்துப் பார்த்து அச்சிட்ட தாள். அந்தப் பக்கத்தில் வெளியேறிய நாள் பதிவாகியிருக்கிறதா என்று தவறாமல் பாருங்கள். பதிவாகாமல் போன நேரங்களில் ஏற்றுச் சீட்டுதான் கைகொடுத்திருக்கிறது.

நேர்காணலுக்குக் கணவரின் மனு ஏற்பு அறிவிப்பு, அண்மைய சம்பளச் சீட்டுகள், நிறுவனத்தின் வேலைச் சான்றுக் கடிதம், அவருடைய ஐ-94, உங்கள் திருமணப் பதிவுச் சான்றிதழ், மகளின் பிறப்புச் சான்றிதழ், பழைய, புதிய கடவுச்சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். திருமணப் பதிவுச் சான்றிதழின் அசல் பெரும்பாலும் ஊரில் யாராவது ஒருவர் வீட்டுப் பீரோவில்தான் இருக்கும். எங்கே இருக்கிறது என்று இன்றே கேட்டுவிடுங்கள். திரும்பி வரும்போது விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்குள் இருவரின் ஐ-94 தேதியையும் கைப்பேசியில் பார்த்துவிடுங்கள்.

பதில்: ஈரோட்டுப் பெண், டெக்சாஸ் (ஜூலை 20)

கேட்டுவிட்டேன். சான்றிதழ் மாமியாரின் பீரோவில், என் முகூர்த்தப் புடவைக்கு அடியில் இருக்கிறதாம்.